கணினி சூடானால்: சர்வீஸுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கு

1. ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கேள்வி கேளுங்கள். எப்போது அணைகிறது? ஆன் செய்த ஓரிரு நிமிடத்திலேயே என்றால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லையா, ஃபேன் நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். கேம் ஆடி அரைமணி ஆனபிறகு என்றால் பெரும்பாலும் தூசிதான். யாரும் தொடாதபோதே ஃபேன் இரைகிறதென்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியுவை எது தின்கிறது என்று தேடுங்கள்.

2. அளக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெப்பநிலை பயாஸிலேயே தெரியும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளும் உண்டு. சும்மா இருக்கையில் 40, 50 டிகிரி செல்சியஸ் என்பது பயப்படும் சூடல்ல. இன்டெல் புராசஸர்கள் பலவும் 100 டிகிரியை எட்டும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று வரும் கணினியிலும் அதனால்தான் சூட்டைப் பார்க்கச் சொல்கிறேன். அறை 10 டிகிரி ஏறினால் புராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மார்கழியில் எடுத்த அளவைக் கத்திரி வெயிலுக்குப் பொருத்தாதீர்கள்.

3. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியை வெளியே எடுத்துச் சென்று புளோயரால் தூசியை ஊதுங்கள். புளோயர் காற்றில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். அது உண்டாக்கும் மின்சாரம் போர்டுக்குள்ளும் போகலாம். ஆகவே விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே மட்டும் ஊதிவிட்டு மூடுவது அரைவேலை. ஃபேனைக் கழற்றினால்தான் ஹீட்சிங்க் தகடுகளின்மேல் கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும் தூசி கண்ணில் படும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

4. ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பட்டாணி அளவு போதும். இரண்டு உலோகங்களுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியை நிரப்புவதே அதன் வேலை. அதிகம் வைத்தால் அதிகம் குளிராது. புது ஹீட்சிங்க் என்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்கின் நான்கு பிளாஸ்டிக் பின்களை எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். ஒன்று பூட்டாவிட்டாலும் சூடு ஏறும். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் அவசரம் கூடவே கூடாது. ஹீட்சிங்கை நேராக இழுத்தால் புராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து அதன் பின்கள் வளையும். சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

5. கேபினெட்டின் முன்புறம் காற்று உள்ளே வர வேண்டும், பின்புறம் வெளியேற வேண்டும். மூடிய கம்ப்யூட்டர் டேபிளுக்குள் திணித்திருந்தால், விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். ஒரு சாண் வெளியே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

6. லேப்டாப்பை மெத்தைமேல் வைக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்; அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும்.

7. ஊதினால் தீரும் கோளாறுக்கு மதர்போர்டு போய்விட்டது என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கணினியாக இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த வெப்பநிலையை, அன்றைய தேதியோடு பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த கோடையில் அதே கணினி திரும்பி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.