சூதாடுபவனின் நாள்

பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. அரசாங்கத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. சூதாடுபவனுக்கோ நாள் தன் சௌகரியப்படி. மாமல்லபுரக் கரையோரம் மாலையில் சீட்டாட உட்கார்ந்த ஒருவன் நள்ளிரவுவரை முந்நூறு ரூபாய் ஜெயித்து, பின்னர் எண்ணூறு தோற்று விடியலில் எழுகிறான் என்று கொள்வோம். மனைவி கேட்டால், "நேற்று முந்நூறு ஜெயித்தேன்" என்பான். சொல் பொய்யன்று. எண்ணூறு இன்றைய கணக்காம். இன்றைய நாள் இன்னும் முடியவில்லையாம்! ஆகவே மறுபடியும் ஆடப் போகிறான்.

கைப்பேசிச் சூதில் எழுந்துபோகும் வேளையே கிடையாது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடவேண்டுமெனத் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் விதி வந்தது. ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவ்வாட்டங்களையே தடைசெய்து சட்டம் இயற்றியது. தோப்பு நிழலில் ஆடும் சீட்டுக்கு இவ்விதி ஏது?

செங்கல்பட்டு வட்டாரத்து நம் நெசவாளர், சேலையைத் தறியிலிருந்து அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்த பின்பே கூலியை வரவு வைக்கிறார். பாதிச் சேலைக்கு வரவில்லை. சங்கத்து ரொக்கப் புத்தகமும் இருப்பை எண்ணிக் கையொப்பமிட்ட பின்பே மூடப்படுகிறது. ஆகையால், ஆடுபவர் உள்ள வீட்டில் "நேற்று எவ்வளவு?" என்று கேட்க வேண்டாம். உட்கார்ந்தபோது மடியில் இருந்தது எவ்வளவு, எழுந்தபோது எவ்வளவு என்று கேட்கட்டும்.