‘காணப்படவில்லை’ என்றால் இல்லை என்றாகுமா?

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தால், களைக்கொல்லிக்கு நேரே பெரும்பாலும் ‘காணப்படவில்லை’ என்றே வருகிறது. எப்படித் தேடினார்கள் என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை.

நம்பிக்கை: ஒரே சோதனையில் எல்லாக் களைக்கொல்லியும் சிக்கிவிடும்.

உண்மை: சிக்காது. திரவ குரோமட்டோகிராபியில் நுண்துகள் அடைத்த குழாய் வழியே மாதிரியைக் கரைப்பானோடு செலுத்துகிறார்கள். வழக்கமான குழாயின் துகள்கள் எண்ணெய்த்தன்மை உள்ளவை. அட்ரசின் என்ற களைக்கொல்லி அவற்றைப் பற்றிக்கொண்டு தாமதமாக வெளிவரும். மின்சுமை கொண்ட கிளைபோசேட் என்ற களைக்கொல்லியோ தண்ணீரையே நாடும். குழாயில் தங்காமல் கரைப்பானோடு முதலிலேயே போய்விடும். அதற்குத் தனி முறை வேண்டும்.

நம்பிக்கை: அயனி குரோமட்டோகிராபி உப்புகளை அளக்க மட்டுமே.

உண்மை: 1975இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் ஹாமிஷ் ஸ்மாலும் சகாக்களும், அயனிகளை மின்சுமையைக் கொண்டு பிரிக்கும் இம்முறையை வெளியிட்டார்கள். குளோரைடு, நைட்ரேட் அளப்பதில்தான் அது பெயர் பெற்றது. ஆனால் காரக் கரைசலில் கிளைபோசேட்டும் எதிர்மின் அயனிதான். அதே வகைக் குழாய் அதையும் பிரிக்கும். சிக்கல் அளவில் இருக்கிறது. குளோரைடு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும். களைக்கொல்லி மைக்ரோகிராம் கணக்கில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். மின்கடத்தலை மட்டும் அளந்தால் பெரிய முகட்டுக்குள் சிறியது மறைந்துவிடும். நிறை நிறமாலைமானியை இணைத்தால் மூலக்கூறின் நிறையைக் கொண்டே அதை இனம் காணலாம்.

நம்பிக்கை: மாதிரி எடுக்கக் கண்ணாடிப் பாட்டிலே எப்போதும் நல்லது.

உண்மை: பாராகுவாட், டைகுவாட் என்ற களைக்கொல்லிகள் இரண்டும் நேர்மின் அயனிகள், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலே ஏற்றது. பாட்டில் மட்டும் சரியாக இருந்தால் போதாது: குளோரின் கலந்த குடிநீரில் கிளைபோசேட் சிதையும் என்பதால், மாதிரியில் சோடியம் தயோசல்பேட் சேர்த்துக் குளோரினை முறிக்க வேண்டும்.

நம்பிக்கை: தண்ணீரில் ஆம்பா (AMPA) என்ற சிதைவுப் பொருள் இருந்தால் கிளைபோசேட் தெளித்திருக்கிறார்கள்.

உண்மை: கிளைபோசேட் சிதைந்தால் ஆம்பா உண்டாகும், சலவைப் பொருள்களில் சேர்க்கும் சில பாஸ்போனேட்டுகள் சிதைந்தாலும் உண்டாகும். ஆம்பாவை மட்டும் வைத்து வயலைக் குற்றம் சொல்ல முடியாது.

நம்பிக்கை: ‘காணப்படவில்லை’ என்றால் துளியும் இல்லை.

உண்மை: கருவியால் காண முடிந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதே பொருள். குடிநீரில் ஒரு களைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், கிளைபோசேட்டுக்கு அமெரிக்க வரம்பு 700 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே காண முடியாத ஆய்வகம் இரண்டாவது வரம்புக்குப் பதில் சொல்லும், முதலாவதற்குச் சொல்லாது. ஆகவே முடிவோடு முறையின் பெயரையும் கண்டறியும் வரம்பையும் எழுதித்தரக் கேளுங்கள்.