தேன்பாறையின் இடத்தைப் பதிவேட்டில் எழுதலாமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்காக மலைத்தேன் கட்டும் பாறைகள், மாகாளிக் கிழங்கு கிடைக்கும் சரிவுகள், சந்தன மரங்கள் எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். எண்ணோடு குறித்துக் கொடுத்தேன். இப்போது அதைக் கணினியில் ஏற்றிப் பல துறைகளுக்கும் கொடுக்கப் போகிறார்களாம். ‘திருடனுக்கு வழி எழுதிக் கொடுத்துவிட்டாய்’ என்கிறார்கள் பெரியவர்கள். நான் செய்தது தப்பா?
– ம. செ., தாளவாடி

பதில்: தப்பில்லை அம்மா. ஊராரைக் கலந்து பதிவேடு எழுதுவது உங்கள் குழுவின் முதல் வேலை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும் கொடுத்த வேலை அது. ஆனால் பெரியவர்களின் பயமும் வீண் பயம் இல்லை. கணினியில் இன்னும் ஏறவில்லை என்பதால் சரிசெய்ய நேரம் இருக்கிறது.

தென் சீனத்துப் பல்லி ஒன்றின் கதையைக் கேளுங்கள். 1999இல் ஆய்வாளர்கள் அதைப் புதிய இனம் என்று, கிடைத்த இடத்தையும் சொல்லி அறிவித்தார்கள். வளர்ப்புப் பிராணிச் சந்தையில் அதற்கு ஏகக் கிராக்கி. முதலில் கண்டுபிடித்த இடத்திலேயே அது இல்லாமல் போகும் அளவுக்குப் பிடித்துத் தள்ளினார்கள். மாகாளிக் கிழங்கு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊறுகாய்க்காகத் தோண்டி எடுக்கும் வேர் அது. இடம் தெரிந்த வெளியாள் கும்பல் வந்தால் அந்தச் சரிவில் அடுத்த ஆண்டுக்கு எதுவும் மிஞ்சாது.

இந்தக் குழப்பம் எதனால் வருகிறது? தரவு ஆளுகை (ஒரு தகவலை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு) இல்லாமலே தகவலைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறோம். பதிவேடுகளை முடிக்க 2020 ஜனவரி 31 என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தபோது நாடெங்கும் ஒரே ஓட்டம். எண்ணிக்கை காட்டுவதில் இருந்த அக்கறை, ‘இதை வெளியே சொல்லலாமா?’ என்று ஊராரைக் கேட்பதில் இல்லை என்பது என் கருத்து.

கேட்பதிலும் யாரைக் கேட்கிறோம் என்பது முக்கியம். 1987இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வாளர்களுக்கு, களைப்புத் தெரியாமல் இருக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சைக் காயைக் காணிக்காரப் பழங்குடி வழிகாட்டிகள் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் அவர்களுடைய வைத்தியர்களான பிளாத்திகள் சிலர், தங்கள் அறிவை விற்பதற்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். பணத்தைப் பங்கிட வழி இருந்தது, முதலில் சம்மதம் கேட்க வழி இல்லை.

அதற்காகப் பதிவேட்டையே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது உங்களுக்கே தேவைப்படும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கோரும்போது, கிழங்கு, பழம், சிறு வனப்பொருள் சேகரிக்கும் இடங்கள் எவை என்பதும் சான்றாக ஏற்கப்படும். எழுதி வைத்த ஊருக்கு அப்போது வேலை எளிது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் கொடுத்ததன் முழு நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தாவரத்தின் பெயர், பூக்கும் பருவம், ஊராட்சியின் பெயர் எல்லாம் வெளியே போகலாம். துல்லியமான இட எண்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை) தனித் தாளில் குழுவின் பெட்டியிலேயே இருக்கட்டும். வெளியே போகும் பிரதியில் அந்த இடத்தைப் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். உலகம் முழுக்கப் பயன்படும் ஐநேச்சுரலிஸ்ட் தளமே அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கோ என்றுதான் காட்டுகிறது. ஆகவே நீங்கள் கேட்பது அதிகப்படியான சலுகை ஒன்றும் இல்லை. சந்தனத்துக்கு இப்படிப் பரப்பிக் காட்டுவதுகூட வேண்டாம், இடமே வெளியே போகக் கூடாது. மருந்து செய்யும் முறை, சாமி காரியம் ஆகியவற்றை அவற்றை அறிந்தவர் சம்மதிக்காமல் எழுதவே வேண்டாம்.

யார், எதற்காக, எந்தத் தேதியில் தகவல் வாங்கினார், என்ன கட்டணம் கட்டினார் என்று ஒரு நோட்டுப் போடுங்கள். அனுமதி, கட்டணம், பலன் பகிர்வு ஆகியவற்றுக்குக் குழு தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டத்தின் 2004 விதிகளே சொல்லியிருந்தன. நடைமுறையில் இதுதான் பல ஊர்களில் வெற்று நோட்டாகக் கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஊராட்சியின் கிராம சபையில் உங்கள் குடியிருப்பு மக்கள் சிறுபான்மையாக இருக்கலாம். வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபை குடியிருப்பு அளவிலேயே கூடலாம். முதலில் அங்கே, தேன் எடுப்பவர்களையும் கிழங்கு தோண்டும் பெண்களையும் உட்கார வைத்து முடிவெடுங்கள். பிறகு அதை ஊராட்சிக் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். வரைவை முன்கூட்டியே தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பொருள் நிரலில் ஏறாத விஷயம் அங்கே பேச்சோடு போய்விடும்.