ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறி

முன்னுரை

கூடு விட்டுக் கூடு பாயும் சித்தர்களைப் பற்றிப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். ஓர் உடலுக்குள் வேறோர் உயிர் புகுந்து நடமாடுமாம்! கதையில் கேட்ட அந்த வித்தையை நம் வீட்டுக் கணிப்பொறியில், காசு செலவின்றி நாமே செய்து பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா, அன்புத் தோழியரே? அதற்கு மெய்நிகர் கணிப்பொறி என்று பெயர். பெருந்தவறு ஒன்றைச் செய்த பின்னரே இதனை நான் கற்றேன். ஆகவே அத்தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஆட்டுவிக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் மற்றொன்று. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய பணி இது. லினக்ஸை யாரும் இலவசமாகப் பெறலாம். அதன் நிரல்களைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இத்தகைய உரிமைகளைத் தருவதே கட்டற்ற மென்பொருள்.

சென்ற கோடை விடுமுறையில் இதைப் படித்ததும் எனக்கு ஆவல் மிகுந்தது. அப்பா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பென் டிரைவில் இருந்த லினக்ஸை எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் நிறுவத் தொடங்கினேன். வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவலாமா என்னும் பொருளில் திரையில் ஒரு கேள்வி வந்தது. நிதானமாகப் படிக்காமல் அதற்கு இசைந்தேன். லினக்ஸ் வந்தது, ஆனால் எங்கள் மளிகைக்கடையின் இரண்டு ஆண்டுக் கடன் கணக்கு போய்விட்டது. நகல் எதுவும் இல்லை.

அப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பரணிலிருந்து பழைய சிட்டைக் கட்டுகளை இறக்கினார். 11 இரவுகள் நான் ஒவ்வொரு சிட்டையாக வாசிக்க, அவர் மறுபடியும் பதிந்தார். சில சிட்டைகளை எலி கடித்திருந்தது. அவற்றுக்குரிய பாக்கி எவ்வளவு என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. “இனிமேல் நீ கம்ப்யூட்டரைத் தொடாதேம்மா” என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

மெய்நிகர் கணிப்பொறி என்றால் என்ன?

பள்ளி திறந்ததும் எங்கள் கணிப்பொறி ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அப்போது அவர் விளக்கியதே இது.

பல குடித்தனங்கள் உள்ள வளவு வீட்டை எண்ணிப் பாருங்கள். கிணறும் முற்றமும் பொது. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, தனி அடுப்பு. யாருக்கு எவ்வளவு இடம் என்பதை வீட்டுக்காரர் பிரித்துக் கொடுக்கிறார். அதுபோல, நம் கணிப்பொறியின் ரேம், செயலி, வன்தட்டு ஆகியவற்றில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்து, அதைத் தனிக் கணிப்பொறி என்றே நம்பும்படி செய்கிறது ஒரு மென்பொருள். உள்ளே குடியேறும் இயங்குதளம் தன்னுடைய வன்தட்டு என்று எண்ணுவது, உண்மையில் நம் வட்டிலுள்ள ஒரு பெரிய கோப்புதான்!

வளர்ந்த வரலாறு

இக்கருத்து புதியதன்று. ஒரு கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு, பெரும் விலை விற்ற 1960-களில், அதைப் பலரும் பகிர்ந்துகொள்ள அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தார் இம்முறையை உருவாக்கினர். 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் அதனை வெளியிட்டனர். 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் மேசைக் கணிப்பொறிக்கும் இதைக் கொண்டு வந்தது. 2003-இல் பிரெஞ்சு நாட்டு நிரலர் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் கியூஎமு என்னும் கட்டற்ற மென்பொருளை அளித்தார். 2007-இல் விர்ச்சுவல்பாக்ஸ் கட்டற்ற மென்பொருளாக வெளியாயிற்று. அதே ஆண்டில் லினக்ஸின் கருவுக்குள்ளேயே கே.வி.எம். என்னும் வசதி சேர்ந்தது.

செய்முறை

“முதலில் கணக்கை நகல் எடுத்து அப்பா கையில் கொடு. பிறகு அனுமதி கேள்” என்றார் ஆசிரியை. அவ்வாறே செய்தேன். அந்தப் பென் டிரைவை அப்பா கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

விர்ச்சுவல்பாக்ஸை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவினேன். லுபுண்டு என்னும் எளிய லினக்ஸையும் இறக்கிக்கொண்டேன். புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்கி, எங்களிடமுள்ள 8 ஜி.பி. ரேமில் 2 ஜி.பி. கொடுத்தேன். வட்டுக்கு 25 ஜி.பி. என்று குறித்தேன். அத்தனை இடமும் உடனே போய்விடாது. நிறைய நிறையத்தான் கோப்பு பெருக்கும்.

தொடங்கியதும் பிழைச் செய்தி வந்தது. மெய்நிகராக்கத்துக்கென்று செயலியிலேயே ஒரு வசதி உண்டு. சில கணிப்பொறிகளில் அது அணைக்கப்பட்டிருக்கும். கணிப்பொறி எழும்போதே பயாஸ் திரைக்குள் சென்று அதை இயக்க வேண்டும். இயக்கியபின் தடை நீங்கிற்று.

சற்று நேரத்தில் அதே பழைய கேள்வி திரையில் வந்தது: வட்டு முழுவதையும் அழிக்கலாமா?

என் கை நடுங்கியது. “என்னம்மா கேட்குது?” என்றார் அப்பா. “அழிக்கவான்னு கேட்குதுப்பா. ஆனா இது நம்ம வட்டு இல்ல. நான் இப்பத்தான் உண்டாக்கின வெறும் கோப்பு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். அழுத்தினேன். லினக்ஸ் தன் சன்னலுக்குள் அமைதியாகக் குடியேறியது. உடனே பக்கத்தில் கடைக் கணக்கைத் திறந்து காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை தாமே பார்த்தார். எல்லாம் இருந்தன.

பிறகு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அந்த நொடியின் நிலையை அப்படியே நினைவில் வைக்கும் வசதி இது. வேண்டுமென்றே உள்ளிருக்கும் லினக்ஸின் முக்கியக் கோப்புகளை அழித்தேன். அது எழவே இல்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியதும் பழையபடி எழுந்தது!

கவனிக்க வேண்டியவை

1. ஸ்னாப்ஷாட் நகலாகாது. வன்தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். முக்கியக் கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும்.

2. ரேமில் பாதிக்கு மேல் உள்ளே கொடுத்தால் வீட்டுக்காரரே இடமின்றித் திணறுவார்.

3. இரு பக்கத்துக்கும் பொதுவாகக் கோப்புறை வைத்தால், அவ்வழியே வைரஸும் நடந்து வரலாம்.

4. விர்ச்சுவல்பாக்ஸ் கட்டற்றதே. ஆயினும் அதன் கூடுதல் தொகுப்புக்குத் தனி உரிமம் உண்டு. உள்ளே விண்டோஸ் நிறுவினால் அதற்கும் உரிமம் வேண்டும்.

முடிவுரை

கற்பவர் தவறு செய்யாமல் இருக்க முடியாது. சிலேட்டில் எழுதி அழித்துப் பழகிய பிறகுதானே நம் கையில் பேனா தந்தார்கள்? மெய்நிகர் கணிப்பொறி அத்தகைய சிலேட்டு. அழிக்கக்கூடிய இடத்தில் துணிந்து தவறு செய்வோம். பிறருடைய உழைப்பு இருக்கும் இடத்தில் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு விரல் வைப்போம்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கடைக் கணக்கை நகல் எடுப்பது என் வேலை. அந்தப் பென் டிரைவை அப்பா தாமே கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் தருகிறார்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி