பள்ளி உளநூல் ஆராய்ச்சியில் ஆசிரியரின் பங்கு

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய உளநூல் ஆராய்ச்சி வல்லுநரின் வேலை. ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக அனுப்பி வைத்தாற் போதும் என்று கருதுவோர் பலர். இத்துறை பிறந்த வரலாறோ வேறு.

பொது வகுப்பில் பயனடையாத பிள்ளைகளைப் பற்றி ஆராய 1904ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. அதில் அங்கம் வகித்த ஆல்பிரட் பினே, சிமோன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1905இல் 30 சோதனைகள் கொண்ட அறிவு அளவையை வெளியிட்டார். இது பயிற்சிக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் செய்தி. அதே ஆண்டில் அவர் தம் கல்வி ஆய்வுக்கூடத்தைப் பாரிஸ் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றினுள்ளேயே நிறுவியதும், அப்பள்ளித் தலைமையாசிரியர் வனே அவருடன் உழைத்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

படிப்புத் திறனுக்குப் படிநிலைகளை வகுத்தவர் வனே. அசைகளையும் கூட்ட இயலாமை, அசையசையாகப் படித்தல், தயங்கிப் படித்தல், தடையின்றிப் படித்தல், பொருளுணர்ச்சி தோன்றப் படித்தல் என அவை ஐந்து. கருவி எதுவும் வேண்டாம். ஆனால் நாள்தோறும் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுப் பழகிய செவி வேண்டும். அது ஆய்வுக்கூடத்தில் கிடைப்பதன்று.

9 வயதுக்குட்பட்ட பிள்ளை 2 ஆண்டும், அதற்கு மேற்பட்ட பிள்ளை 3 ஆண்டும் கல்வியிற் பின்தங்கியிருப்பின் தனியே ஆராய வேண்டும் என்றனர் பினேயும் சிமோனும். பள்ளிக்கு வாராமையால் நேர்ந்த பின்னடைவைக் கழித்துவிடவும் கூறினர். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வேற்றூர் சென்று திரும்பும் பிள்ளையை ‘மந்தபுத்தி’ என்று எழுதிவிடாமற் காப்பது இந்த விதியே. அதற்கு வேண்டிய வருகைப் பதிவேடு இருப்பதும் ஆசிரியரிடந்தான்.

கண்பார்வைச் சோதனையையும் ஆசிரியரே செய்யும்படி பினே எளிமையாக்கினார். கரும்பலகை தெரியாத பிள்ளை சோம்பேறி என்று பெயர் எடுப்பது இன்றும் நிகழ்வதே. குறை தோன்றினால் மருத்துவரிடம் அனுப்புவதோடு ஆசிரியர் பணி நின்றுவிடும். நோயின் பெயரை அவர் முடிவு செய்தலாகாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பள்ளிப் பிள்ளைகளிடையே 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. இத்தகைய பணியில் ஆசிரியரும் களப்பணியாளரும் எழுதும் குறிப்பே அடிப்படைச் சான்றாகும். ‘கவனமில்லை’ என்று எழுதுவதால் ஆராய்வோருக்குப் பயனில்லை. எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், எந்த இருக்கையிலிருந்து பிள்ளை என்ன செய்தது என்பதைத் தேதியுடன் எழுதுக. சோதனைத் தாள் ஒன்று வரும்போது, அதிலுள்ள சொல் தம் ஊர்ப் பிள்ளைக்குப் புரியாததாயின், சோதனை தொடங்குமுன்னரே அதனை வல்லுநருக்குத் தெரிவிக்க வேண்டும்.