யாருக்குத் திறக்கும் இந்தக் கோப்பு?

மேகக் கணிமை என்றதும் நம் கோப்புகள் வானில் மிதப்பதாக எண்ண வேண்டாம். ஜொகூர் மாநிலத்தின் கூலாய், செடெனாக் வட்டாரத்தில் எழும்பியிருப்பவை போன்ற தரவு மையங்களில் உள்ள கணினிகளே அந்த ‘மேகம்’. அங்குப் பலருடைய கோப்புகள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. எதை யார் திறக்கலாம் என்பதை அணுகல் அனுமதியே முடிவு செய்கிறது.

படிவம் மூன்று மாணவர்கள் கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கிறார்கள் என்போம். அதில் அடையாள அட்டை எண்களும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் உள்ளன. கூகல் டிரைவில் ‘இணைப்பு உள்ள எவரும்’ எனும் அனுமதியைத் தந்தால், புலனத்தில் பகிர்ந்த அவ்விணைப்பு யார் கைக்குச் சென்றாலும் பட்டியல் திறந்துவிடும்.

இந்த அனுமதியைச் செயலிகளும் ‘ஏபிஐ’ எனும் இடைமுகத்தின் வழி மாற்றலாம். எந்தக் கோப்பு, யாருக்கு, பார்க்கவா அல்லது திருத்தவா என்பவற்றைச் செயலி தன் கோரிக்கையில் குறிப்பிடும். அனுமதி வழங்கும் உரிமை அதற்கு உண்டா என்பதைச் சேவையகம் சரிபார்க்கும். ஆனால், அந்த அனுமதி தேவைதானா என்று அது கேட்காது. அதை நாம்தான் சிந்திக்க வேண்டும்.

வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையை மட்டுமே வழங்க வேண்டும் என்று 1975ஆம் ஆண்டிலேயே சால்ட்சர், சுரோடர் எனும் கணினி அறிஞர்கள் எழுதினர். அதன்படி, பொறுப்பாசிரியருக்குப் பார்க்கும் உரிமையும் பட்டியலை நிரப்பும் செயலாளருக்குத் திருத்தும் உரிமையும் போதும். சுற்றுலா முடிந்ததும் அவற்றையும் நீக்கிவிடலாம். எனினும், முன்பே ஒருவர் பதிவிறக்கம் செய்துகொண்ட படியை நாம் திரும்பப் பெற முடியாது. ஆகவே, பகிரும் முன்னரே சிந்திப்போம்.