நித்தியகல்யாணியும் இரத்தப் புற்றுநோய் ஊசியும்



போன மாதம் ஒரு பாட்டி நித்தியகல்யாணிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். "டிரஸ்ஸர் ஐயா, இந்தப் பூவுலதான் என் பேரனுக்குப் போடற ஊசியைச் செய்றாங்களாமே. ரெண்டு பஸ் மாறி டவுனுக்குப் போறதுக்கு, வீட்டுலயே அரைச்சுக் குடுத்தா என்ன?" என்றார். பேரனுக்கு ஆறு வயது, இரத்தப் புற்றுநோய்.

பாட்டி கேள்விப்பட்டது பொய்யல்ல. லயன் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கிறதே, அதே செடிதான். அதன் இலையைச் சர்க்கரை வியாதிக்குக் குடிப்பது பல நாடுகளில் வழக்கம். அதைச் சோதிக்கக் கனடா விஞ்ஞானிகள் நோபிளும் பீரும் எலிகளுக்குச் சாற்றை ஏற்றினார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தாம் குறைந்தன! 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து வெளிவந்தது. அதே செடியில் பிறகு கிடைத்த வின்கிரிஸ்டின் 1963 முதல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. பேரனுக்குப் போடுவது இதைத்தான், வேறு மருந்துகளோடு சேர்த்து.

ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே மெல்லிய இழைகள் உண்டாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கு பிரிக்கின்றன. வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. பிரிய முடியாத புற்றணு செத்துப்போகும். ஆனால் நம் நரம்புகளுக்குள்ளும் அதே மாதிரி இழைகள் உண்டு. அதனால்தான் கை கால் மரத்துப்போவது, தாடை வலி, நடக்கும்போது பாதம் இழுபடுவது எல்லாம். குடல் நரம்பும் மந்தமாகி மலம் கட்டிக்கொள்ளும்.

சரி, ஏன் அரைக்கக் கூடாது? ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு தடவை போடுவதோ பெரியவர்களுக்கே 2 மில்லிகிராமைத் தாண்டுவது அபூர்வம். இலையில் வேறு விஷச் சத்துகளும் இருக்கின்றன. எது எவ்வளவு என்று அம்மிக்குத் தெரியுமா? இந்த மருந்து இரத்தக் குழாயில் மட்டுமே ஏற்ற வேண்டியது. வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். ஊசி ஏறும்போது எரிந்தால் பிள்ளை உடனே சொல்லட்டும்.

மலம் இரண்டு நாள் போகாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எனிமா கொடுக்க வேண்டாம். படைக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இந்த மருந்தின் விஷத்தைக் கூட்டும். கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். முடி கொட்டினால் திரும்ப முளைக்கும், அழ வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி வந்துவிட்டால் மட்டும், பனடோல் கொடுத்து விடியட்டும் என்று படுக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிள்ளை ஓடியாடுகிறதே என்று பாதியில் நிறுத்துகிறவர்களும் உண்டு. இந்தச் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேலும் போகும். மறைந்திருக்கும் அணு ஒன்றிரண்டு மிஞ்சினாலும் நோய் திரும்பும்.

பாட்டிக்கு உண்மையில் இடித்தது பஸ் காசுதான். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகநலப் பிரிவு உண்டு. அங்கே கேட்கும்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் வேண்டுமானால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன்.